செங்கல் பாவிய தெரு

நெதர்லாந்து நாட்டு நகரங்களுக்குச் செல்வோர், அங்குள்ள தெருக்கள் பல செந்நிறக் கற்களால் பாவப்பெற்றிருப்பதைக் காண்பர். அவை மலையில் வெட்டியெடுத்த கற்கள் அல்ல. களிமண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டுக் கடுந்தீயிற் சுட்ட செங்கற்களே. அந்நாட்டில் மலைக்கல் அரிது. ரைன் முதலிய ஆறுகள் கொணர்ந்த வண்டலோ மிகுதி. ஆதலின் மக்கள் இல்லாத கல்லுக்கு ஏங்காது, உள்ள மண்ணையே கல்லாக்கினர். நன்கு வெந்த கல்லைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். அவ்வொலி பற்றியே அது 'கிளிங்கர்' எனப் பெயர் பெற்றது.

இக்கற்களைப் பாவும் முறையைக் காண்போம். முதலில் நிலத்தை அகழ்ந்து, சரளையிட்டு, அடித்தளத்தை இறுக்குவர். இருமருங்கிலும் அசையாத வரம்புக்கற்களை நடுவர். வரம்பில்லாத தளம் கரையில்லாத குளம் போன்றது. நாளடைவில் கற்கள் விலகிச் சிதறும். பின்னர் 3 முதல் 5 செ.மீ. கனத்திற்கு மணல் பரப்பி, மட்டப்பலகையால் சமன் செய்வர். அடித்தளத்தின் பள்ளத்தை மணலிட்டு மறைத்தல் கூடாது; மணல் மிகுந்த இடம் பின்பு மிகுதியாக அமிழும்.

ஒரே சூளையில் வெந்த கற்களும் நிறத்தில் வேறுபடும். ஆதலின் பல அடுக்குகளினின்றும் கலந்தெடுத்து வைப்பர். வண்டிகள் செல்லும் தெருவில் மீன்முள் வடிவில் கற்களை அடுக்குதல் சிறந்தது; ஒன்றையொன்று தடுத்து நிற்பதால் சக்கரங்களின் உந்துதலுக்கு அவை நகரா. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே 2 முதல் 5 மி.மீ. இடைவெளி இருத்தல் வேண்டும்.

இனிச் செய்வதே மிக்க கவனத்திற்குரியது. சுட்ட கல் உறுதியானது. ஆயினும் அதன் விளிம்பு எளிதிற் சிதைவது. கற்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, அவற்றின்மீது அதிர்வுப் பொறியை ஓட்டினால் விளிம்புகள் உதிரும். பல நாள் உழைப்பு ஒரு நாழிகையிற் பாழாகும். இதனைத் தவிர்க்க, முதலில் உலர்ந்த மென்மணலை இடைவெளிகளிற் பெருக்கித் தள்ளுவர். மேற்பரப்பில் எஞ்சிய மணலையும் சில்லுகளையும் துடைத்து நீக்குவர். இன்றேல் அவை பொறியின் அடியில் அகப்பட்டுக் கல்லைக் கீறும். பொறியின் இரும்புத் தட்டிற்கு அடியில் ரப்பர் விரிப்பைப் பொருத்துவர். வரம்பு கட்டி முடியாத ஓரத்திற்கு 1 மீட்டர் தொலைவிலேயே பொறியை நிறுத்துவர்.

அதிரும்போது கீழுள்ள மணல் இடைவெளியில் மேலேறும். மேலுள்ள மணல் கீழிறங்கும். இரண்டும் இறுகிக் கற்களைப் பிணிக்கும். ஒரு கல்மேல் விழும் பாரத்தை அண்டைக் கற்களும் பகிர்ந்துகொள்ளும். மணல் அமிழ்ந்த இடைவெளிகளை மீண்டும் நிரப்பி, மறுமுறையும் பொறியை ஓட்டுவர். உடைந்த கல் இருப்பின், அதனை அகற்றி வேறு கல் வைப்பர்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் நிலம் மென்மையானது. தெருக்கள் மெல்ல அமிழ்வதுண்டு. அப்போது கற்களைப் பெயர்த்து, மணலை நிரவி, அவற்றையே மீண்டும் பாவுவர். தேய்ந்த பக்கத்தைக் கீழாகத் திருப்பி வைப்பதும் உண்டு. விளிம்பு சிதையாத கல்லே இவ்வாறு பன்முறை பயன்படும். அன்று காட்டிய சிறு கவனம் பல தலைமுறைக்கு உதவுகின்றது அன்றோ! வலிமை வேண்டும் இடத்திலும் மென்மையை மறவாதவனே நல்ல தொழிலாளி.