இரவு இரண்டு மணிக்கு எது வேண்டும்?

நவம்பர் பிறந்ததும் கனடாவில் ஓய்வுபெற்றவர்களின் ஒரு பெரும் கூட்டம், படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஆர்.வி. வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போய்விடும். அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்ற சின்ன ஊரை ஒட்டி லா போசா என்னும் அரசு நிலம் இருக்கிறது. அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டியை நிறுத்தித் தங்கலாம். டொரன்டோவிலிருந்து அங்கே போய்வரும் கூட்டத்தில் நானும் என் மனைவியும் உண்டு.

முதல்முறை கிளம்புகிறவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் உடைகளைப் பற்றித்தான். எத்தனை ஸ்வெட்டர், எத்தனை ஜோடிக் காலுறை? அதையெல்லாம் வழியில் எந்த ஊரிலும் வாங்கலாம். எதை எடுத்துவைப்பது என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இரவு இரண்டு மணிக்கு இது இல்லாவிட்டால் விடியும்வரை சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் அது கடையிலேயே இருக்கட்டும். முடியாது என்றால் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீர்

பாலைவனத்தை அடைவதற்கு முன் பல நாள் உறைபனியில் ஓட்ட வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது வண்டியின் குழாய்களில் தண்ணீர் இருக்கக் கூடாது. உறைந்தால் குழாய் வெடித்துவிடும். தண்ணீரை வடித்து, ஆர்.வி.க்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை ஏற்றிவிடுவோம். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அது இந்தக் குழாய்ப் பக்கமே வரக் கூடாது. உறையாத ஊர் வரும்வரை குடிக்கவும் கை கழுவவும் கேன் தண்ணீர்தான். கேன்களை வெளிப் பெட்டியில் வைக்காமல் நாம் படுக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கழிப்பறையில் ஊற்ற, அதே இளஞ்சிவப்புத் திரவம் கூடுதலாகச் சில கேன்கள்.

தெற்கே போன பிறகு குடிநீருக்கென்று தனி ஹோஸ், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், கழிவு நீருக்கு வேறு ஹோஸ், ஒரு பெட்டி ரப்பர் கையுறை ஆகியவை வேண்டும். உறைபனி வரும் என்று சொல்லும் இரவுகளில் மாலையே தொட்டியை நிரப்பிவிட்டு ஹோஸைக் கழற்றி உள்ளே போடுங்கள். பாலைவனம்தானே என்று இருந்துவிடக் கூடாது. பகலில் 20 டிகிரி அடிக்கும் இடத்தில் ஜனவரி இரவு பூஜ்யத்தைத் தொட்டுவிடுவதும் உண்டு.

சூடும் மின்சாரமும்

வண்டியின் ஃபர்னஸ் புரொபேன் வாயுவில் எரிகிறது. ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. குளிர் இரவில் சிலிண்டர் தீர்வதற்கு முன் பேட்டரி தீரும். ஆகவே பேட்டரியின் அளவைக் காட்டும் மானியும், அதைத் திரும்ப ஏற்ற ஒரு வழியும் வேண்டும். சோலாரோ சின்ன ஜெனரேட்டரோ எதுவானாலும் சரி. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும்.

மின் இணைப்பு உள்ள முகாம்களில் வேறு கணக்கு. 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 1,500 வாட் ஹீட்டர் இரண்டைப் போட்டுவிட்டுக் காபிக்குக் கெட்டிலையும் தட்டினால் பிரேக்கர் விழும். ஹீட்டர் ஒன்று, மின்கம்பளி ஒன்று என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. மின்வீச்சிலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டரும் அவசியம்.

குளிர் தாங்கவில்லை என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கக் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அலாரம்தான் காப்பாற்றும். அதற்கும் காலாவதித் தேதி உண்டு, பின்புறம் திருப்பிப் பாருங்கள். மாற்று பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் எதிர்பார்க்காத எதிரி ஈரம். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. அடுப்பில் சமைத்தால் அது முழுக்க வண்டிக்குள்ளேயே தங்கும். மூச்சுக் காற்றும் சேர்ந்து காலையில் கண்ணாடியெல்லாம் வழியும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். கூரை வென்ட்டை விரற்கடை திறந்து வையுங்கள். சன்னலுக்கு வெட்டி ஒட்ட ஒரு சுருள் ஃபாயில் தகடு இருந்தால் குளிரும் ஈரமும் சேர்ந்து குறையும்.

சமையல்

கிரைண்டர் வேண்டாம், மிக்ஸி போதும். குக்கர் கட்டாயம். வாயுவும் மிச்சம், ஆவியும் குறைவு. வழியில் ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற 2,100 மீட்டர் உயர ஊரில் தங்கினால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது.

பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது எலுமிச்சைக் குடும்பம். சிட்ரஸ் தோப்புகளை அழிக்கும் நோயைச் சுமக்கும் பூச்சி அதிலும் குடியிருக்கும் என்பதால் எல்லையில் பிடுங்கிவிடுவார்கள். விறகுக்கும் இதே கதி, போகுமிடத்தில் வாங்கிக்கொள்ளலாம். கொண்டுபோகும் உணவு எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

மருந்தும் காகிதமும்

மருந்துகள் மருந்துக் கடைச் சீட்டு ஒட்டிய அதே புட்டிகளில், படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இன்சுலின் ஒருமுறை உறைந்தால் பிறகு பயன்படாது. வெளிப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு அமெரிக்க மருத்துவமனைச் செலவில் சொற்பமே தரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கனவே உள்ள நோய்க்கு மாத்திரை அளவு எத்தனை நாள் மாறாமல் இருக்க வேண்டும் என்ற விதியை வரிவரியாகப் படியுங்கள். ஒன்டாரியோவை விட்டு 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அரசுக் காப்பீட்டுக்கே ஆபத்து வரலாம். போக வர எல்லையைத் தாண்டிய தேதிகளைக் குறித்துவையுங்கள்.

எடையும் டயரும்

வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று கதவருகே ஒட்டியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டி நிறைந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும் வண்டிகள் உண்டு. சாமான் ஏற்றிய பிறகு லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். டயர் அழுத்தமானியும் கையில் இருக்கட்டும். ஐந்தாறு டிகிரி குளிர் கூடினால் அழுத்தம் சுமார் 2 சதவீதம் இறங்கும். காலையில் ஓட்டத் தொடங்கும் முன் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாலும், உங்கள் வண்டிக்கும் உடம்புக்கும் எது தேவை என்பதை வேறொருவர் பட்டியல் முழுதாகச் சொல்லாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிளம்புவதற்கு முன், வெப்பம் பூஜ்யத்துக்குப் போகும் ஓர் இரவு பார்த்து, வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் சமைத்துச் சாப்பிட்டுப் படுங்கள். வீட்டு மின்சாரத்தைத் தொடாதீர்கள். எதையாவது எடுக்க வீட்டுக்குள் ஓடினால், அதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். காலையில் அந்தக் காகிதத்தில் இருப்பவற்றை முதலில் ஏற்றுங்கள். மிச்ச இடத்தில் ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளலாம்.