எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு பெண்ணின் பரிசோதனைத் தாளில் 'எச்.பி.வி. பாசிட்டிவ்' என்று வந்துவிட்டால், வீட்டில் உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன: "கேன்சரா?", "யார்கிட்டேருந்து வந்துச்சு?" முதல் கேள்வி அந்தப் பெண்ணின் தூக்கத்தைப் பறிக்கிறது. இரண்டாவது அவளைத் தலைகுனிய வைக்கிறது. எச்.பி.வி. என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். முன்கூட்டியே பிடித்துவிடப் பல ஆண்டு அவகாசம் தரும் நோய் இது. அந்த அவகாசத்தை அச்சமும் கூச்சமும் தின்றுவிடக் கூடாது.

நம்பிக்கை: எச்.பி.வி. என்றாலே புற்றுநோய்க் கிருமி.

உண்மை: இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் பாதத்திலும் மரு வரவைப்பவை தனி வகைகள். பிறப்புறுப்புப் பகுதியைத் தொற்றுபவை சுமார் 40. அவற்றில் 6, 11 ஆகிய வகைகள் அங்கே மருக்களை உண்டாக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அவை காரணமாவதில்லை என்றே சொல்லலாம். அபாயம் மிகுந்தவை 14 வகைகள்தான். அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அடுத்த வரிசையில் 31, 33, 45, 52, 58 வருகின்றன. ஜெர்மனியின் ஹரால்ட் ஸுர் ஹவுசன் குழுவினர் 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுத் திசுவில் கண்டறிந்தார்கள். அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே 'பாசிட்டிவ்' என்றதும் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "எந்த வகை, டாக்டர்?"

நம்பிக்கை: அபாயமான வகை வந்துவிட்டால் புற்றுநோய் நிச்சயம்.

உண்மை: பத்துத் தொற்றில் ஏறக்குறைய ஒன்பதை உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. அடங்காமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் தொற்றுதான் ஆபத்து. கருப்பை வாயின் வெளிப்புறச் செல்களும் உட்புறச் செல்களும் சந்திக்கிற வளையத்தில் அது வேலையைத் தொடங்குகிறது. வைரஸின் இ6 என்ற புரதம், பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 புரதத்தை அழிக்கிறது. இ7 புரதம், செல் பெருகுவதற்குப் போடப்பட்டிருக்கும் இன்னொரு கட்டுப்பாட்டைத் தகர்க்கிறது. அதன்பின் வருபவைதான் சி.ஐ.என். 1, 2, 3 என்று படிப்படியாகக் குறிக்கப்படும் மாற்றங்கள். முதல் நிலை பெரும்பாலும் தானாகவே மறையும், கண்காணித்தால் போதும். மூன்றாம் நிலையைச் சும்மா விடக் கூடாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இந்த நிலையில் போதிய சிகிச்சை பெறாத பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, 30 ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. பொதுவாகத் தொற்றிலிருந்து புற்றுநோய்வரை 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்று இருந்தால் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வந்துவிடலாம்.

நம்பிக்கை: தப்பான நடத்தை உள்ளவர்களுக்குத்தான் வரும்.

உண்மை: தாம்பத்திய உறவில் உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகும் தொற்று இது. கணவன் ஒருவரை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் வரும். தோலோடு தோல் பட்டுப் பரவுவதால் ஆணுறைகூட முழுப் பாதுகாப்புத் தராது. பல ஆண்டுகள் வெளிக்காட்டாமல் இருந்துவிட்டும் இது தென்படலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அதை வைத்து ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

நம்பிக்கை: கர்ப்பப்பையில் புண் இருக்கிறதாம், எடுத்துவிட்டால் நிம்மதி.

உண்மை: கருப்பை வாயின் உட்புற மென்செல்கள் வெளியே எட்டிப் பார்ப்பதால் அந்த இடம் சிவந்து தெரியும். இளம்பெண்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இது இயல்பு. இதையும் புண் என்றே சொல்லிவிடுகிறார்கள். சாதாரணக் கிருமியால் வரும் அழற்சி மருந்தில் குணமாகும். உண்மையான முன்புற்று (புற்றுநோய்க்கு முந்தைய) மாற்றமாகவே இருந்தாலும், பெரும்பாலும் அந்தப் பகுதியை மட்டும் சூட்டாலோ குளிராலோ அழித்துவிடலாம், அல்லது மின்கம்பி வளையத்தால் அகற்றிவிடலாம். பெண் அன்றே வீடு திரும்பலாம். "கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பில் பார்த்தீர்களா? பயாப்ஸியில், அதாவது திசுச் சோதனையில், என்ன வந்தது?" என்று கேட்காமல் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

நம்பிக்கை: எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, பரிசோதனை எதற்கு?

உண்மை: முன்புற்று நிலையில் வலி இருக்காது, ரத்தமும் வராது. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கலாம். பரிசோதனையோ மிக எளிது. கால்களை மடக்கிப் படுக்க வேண்டும். செவிலியர் ஒரு கருவியால் பிறப்புறுப்பை லேசாக விரித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றுவார். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். மாற்றம் உள்ள இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். 'வயா' எனப்படும் இந்தச் சோதனையைத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையிலேயே இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரேயொரு எச்.பி.வி. பரிசோதனை சாவை ஏறத்தாழப் பாதியாக்கியது. பிள்ளை பெற்று முடித்தவர்களுக்கும், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்கும், மாதவிடாய் நின்றவர்களுக்கும் பரிசோதனை தேவை.

நம்பிக்கை: எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது.

உண்மை: அந்த ஊசியில் இருப்பது வைரஸின் வெற்றுப் புரத உறை. அதில் மரபணு கிடையாது. அது தொற்றாது, கருத்தரிப்பையும் கெடுக்காது. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் தயாராகும் செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய வகைகளைத் தடுக்கும். வைரஸைச் சந்திக்குமுன், 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. ஏற்கெனவே வந்த தொற்றை ஊசி போக்காது. எல்லா வகைகளையும் தடுக்கவும் செய்யாது. எனவே ஊசி போட்டவர்களும் பின்னாளில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

30 வயதைத் தாண்டிய பெண்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "கருப்பை வாய்ப் பரிசோதனை செய்யணும்" என்று கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்பதே நம் நாட்டின் வழிகாட்டுதல். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அக்காவையோ நாத்தனாரையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் செய்துகொள்ளட்டும்.