கோத்தா கினபாலுவில் நான்கு நாள்: ஒரு பயணப் பாடம்

நம் சங்க அன்பர்கள் பலர் இப்போது வெளிநாடு போய் வருகிறார்கள். பிள்ளைகள் பணம் கட்டிவிடுகிறார்கள். நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறோம். திரும்பி வந்தவரிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், இரட்டைக் கோபுரம், பெரிய கடை, அதைவிடப் பெரிய கடை என்று பதில் வருகிறது. காலும் வலித்து, காசும் செலவழித்து, கடையைப் பார்த்துவிட்டு வருவதற்கா அவ்வளவு தூரம் போனோம் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் எழுத்தாளன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பாதை ஆய்வாளராகச் சேர்ந்து, 38 ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றவன். 2024 மார்ச்சில் என் துணைவியாரும் நானும் போர்னியோ தீவின் கோத்தா கினபாலு என்ற கடலோர நகரத்துக்குப் போய் வந்தோம். அங்கே கற்றதையும் நான் செய்த ஒரு பெருந்தவறையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

போர்னியோ உலகின் மூன்றாவது பெரிய தீவு. மலேசியா, இந்தோனேசியா, புரூணை என மூன்று நாடுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டுள்ளன. மலேசியப் பகுதியிலுள்ள சபா மாநிலத்தின் தலைநகரம் கோத்தா கினபாலு. 'கோத்தா' என்பது நம் 'கோட்டை'க்கு உறவான சொல். மலாய் மொழியில் கப்பலுக்குக் 'காப்பால்', கடைக்குக் 'கெடாய்', கட்டிலுக்குக் 'காத்தில்', முதலுக்கு 'மோடால்' என்றே பெயர். ஆகவே முற்றிலும் அந்நிய ஊர் என்று பயப்பட வேண்டாம்.

புறப்படுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் 22 இடங்களை நேர வாரியாக எழுதி வைத்திருந்தேன். பார்த்தது ஒன்பதோ பத்தோதான். ஆனால் அவை மறக்கவில்லை. காரணம், ஒரு கேள்வியோடு ஆரம்பித்தோம்: இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் உண்டாயிற்று? எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பது அதன்பின் தானே விளங்கும்.

முதல் நாள்: ஊரை நடந்து பாருங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியை ஆண்டது பிரிட்டிஷ் வடபோர்னியோ கம்பெனி. அதன் குடியிருப்பு எதிரேயிருந்த காயா தீவில் இருந்தது. 1897-இல் மாட் சாலே என்ற தலைவர் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பி அதைத் தீக்கிரையாக்கினார். அதே சமயத்தில் கம்பெனி தெற்கே ஒரு ரயில் பாதையும் போட்டுக்கொண்டிருந்தது. அதன் துறைமுகமாக வெஸ்டன் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதை போட்ட பொறியாளர் வெஸ்ட் என்பவரின் பெயரால் வந்த ஊர் அது. ஆனால் அங்கே கடல் ஆழமில்லை. பெரிய கப்பல் கரைக்கு வர முடியவில்லை. பிறகுதான் பாதையை வடக்கே நீட்டி, ஆழமான காயா விரிகுடாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே 1899-இல் பிறந்த ஊர் ஜெஸல்டன். இன்றைய கோத்தா கினபாலு அதுவே.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆழம் பார்க்காமல் குறித்த ஒரு துறைமுகத்தால் வேறோர் இடத்தில் ஒரு நகரமே உண்டாகிவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரில் இருக்கும்படி பயணத்தை அமையுங்கள். அன்று காயா தெருவில் சந்தை கூடும். பழம், செடி, பாசிமணி, பலகாரம், பாய் எல்லாம் கிடைக்கும். வாங்காவிட்டாலும் ஒருமுறை நடந்து வரலாம்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் மேட்டின்மேல் அட்கின்ஸன் மணிக்கூண்டு நிற்கிறது. ஜெஸல்டனின் முதல் மாவட்ட அதிகாரி அட்கின்ஸன். 1902-இல் 28 வயதில் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய தாயார் மகன் நினைவாக ஒரு கடிகாரம் கொடுக்க, 1905-இல் அதற்காக எழுப்பிய மரக் கோபுரம் இது. ஒரு காலத்தில் கப்பல்களுக்கு அடையாளமாகவும் உதவியது. இன்று மேட்டிலிருந்து பார்த்தால் கடல் தள்ளிப் போயிருக்கிறது. இடையிலுள்ள நிலமெல்லாம் பின்னாளில் கடலைத் தூர்த்து எடுத்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் ஊரே தரைமட்டமானது. தப்பிய மூன்று கட்டடங்களில் இந்த மணிக்கூண்டு ஒன்று. என் துணைவியார் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். "ஒரு அம்மா மனசு, குண்டுக்கும் தப்பிச்சு நிக்குதுங்க" என்றார்.

இரண்டாம் நாள்: ரயிலில் ஏறுங்கள்

போர்னியோ தீவு முழுவதிலும் பயணிகள் ரயில் ஓடுவது இந்த ஒரே பாதையில்தான். தஞ்சோங் ஆருவிலிருந்து தெனோம் வரை 134 கிலோமீட்டர். அகலம் எவ்வளவு தெரியுமா? நம் பழைய மீட்டர் கேஜ், சரியாக 1,000 மில்லிமீட்டர்.

1992-க்குப் பிறகு நம் நாட்டில் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப் பாதையாக மாற்றியபோது, பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தவர்களில் நானும் ஒருவன். அது தேவையான வேலை, வருத்தமில்லை. ஆனாலும் தஞ்சோங் ஆரு நிலையத்தில் அந்தக் குறுகிய பாதையைக் கண்டதும், என்னையறியாமல் குனிந்து ஸ்லீப்பரையும் ஜல்லியையும் பார்த்தேன். நிலையத்து ஊழியர் ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார். நானும் ரயில்வேக்காரன் என்று சைகையால் சொன்னதும் கைகுலுக்கினார். ரயில்வேக்காரனுக்கு எந்த நாட்டிலும் சொந்தக்காரன் உண்டு.

சாதாரண வண்டியில் பியூஃபோர்ட் வரை போய் வாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். கினாருட், பாப்பார் என்று சிறு சிறு ஊர்கள், வயல்கள், ஆற்றுப் பாலம், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வரும். பியூஃபோர்ட்டில் பழைய கடைகளைக் கால்கள் ஊன்றி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பாடாஸ் ஆறு பெருகினால் வெள்ளம் அடியில் போய்விடும். அங்கிருந்து தெனோமுக்குப் பாதை பாடாஸ் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்கிறது. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் ஆறு. மண்சரிவால் தடைபடுவதுண்டு, ஆகவே முன்னதாக விசாரியுங்கள்.

சுற்றுலாவுக்கென விறகில் ஓடும் நீராவி வண்டி ஒன்றும் பாப்பார் வரை உண்டு. ஓடும் நாள்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் இயந்திரம் 1950-களில் இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்ட்ரியில் செய்யப்பட்டது. 1853-இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை இழுத்த இயந்திரங்களும் அதே தொழிற்சாலையில் பிறந்தவைதான்.

திரும்பும் வழியில் பெடாகாஸ் என்ற இடத்தில் இறங்காமல் வராதீர்கள். விமான நிலையத்துக்கு அருகில்தான். ஜப்பானியர் ஆட்சியை எதிர்த்து 1943 அக்டோபரில் ஆல்பர்ட் குவோக் என்ற இளைஞர் தலைமையில் சீனர்களும் தீவு மக்களும் ஒரு கிளர்ச்சி செய்தார்கள். சீக்கியர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1944 ஜனவரி 21-ஆம் நாள் 176 பேரை இங்கே கொன்று புதைத்தார்கள். இன்று அந்த இடம் அமைதியான நினைவுப் பூங்கா. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் நிற்பதில்லை. நாங்கள் போனபோது வேறு யாருமில்லை. நம் நாட்டு வழி வந்தவர்களும் கலந்துகொண்ட போராட்டமாயிற்றே என்று ஒரு நிமிடம் நின்று கைகூப்பி வந்தோம்.

மூன்றாம் நாள்: மலையைக் கும்பிடுங்கள்

ஊருக்குப் பெயர் தந்த கினபாலு மலை 4,095 மீட்டர் உயரம், மலேசியாவிலேயே உயரமானது. உச்சிக்கு ஏற முன் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். ஓர் இரவு மலையில் தங்க வேண்டும். நம் வயதுக்கு அது வேண்டாம். சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கினபாலு பூங்கா வரை வாடகைக் காரில் போனால் போதும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காடு. குடுவைச் செடிகளும் ஆர்க்கிட் மலர்களும் வளர்கின்றன. 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். விடியற்காலையிலேயே கிளம்புங்கள், வெயில் ஏறினால் மேகம் வந்து சிகரத்தை மூடிவிடும்.

கடசான் டூசுன் மக்களுக்கு இம்மலை இறந்தவர்களின் ஆவிகள் தங்கும் புனித இடம். நமக்குக் கயிலாயம் போல என்று வைத்துக்கொள்ளலாம். 2015 ஜூன் 5-ஆம் நாள் நிலநடுக்கத்தில் இம்மலையில் 18 பேர் மாண்டார்கள். குழந்தைகளும், அவர்களைக் காக்க முயன்ற வழிகாட்டிகளும் அதில் அடக்கம். மலையைப் படமெடுப்பதற்கு முன் ஒருமுறை கும்பிடுவது தவறில்லை.

நான்காம் நாள்: தீவும், என் தவறும்

கரைக்கு எதிரே காயா, மனுக்கான், சாப்பி, மாமுத்திக், சுலுக் என ஐந்து தீவுகள் துங்கு அப்துல் ரகுமான் பூங்காவாக உள்ளன. ஜெஸல்டன் பாயின்ட் படகுத்துறையிலிருந்து இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். தெளிந்த நீர், கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தால் பவளமும் மீனும் தெரியும்.

நான் கொள்ளிடத்தில் நீந்திப் பழகியவன். அந்தத் திமிரில் மிதவைச் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். மீனைப் பார்த்துக்கொண்டே போனவன் தலை தூக்கினால் கரை எங்கோ இருந்தது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கை அடித்தேன், நகர முடியவில்லை. மூச்சு முட்டியது. கரையில் என் துணைவியார் எழுந்து நிற்பது மட்டும் தெரிந்தது. அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு ஒரு படகுக்காரப் பையன் வந்து கயிறு வீசி இழுத்துப் போட்டான். இருபது வயதுகூட இருக்காது. அவனுக்குப் பணம் கொடுக்கப் போனேன். என் தோளைத் தட்டி, மிதவைச் சட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மாலை வரை என் துணைவியார் பேசவில்லை. அஸ்தமனம் பார்க்கத் தஞ்சோங் ஆரு கடற்கரைக்குப் போனோம். 'தஞ்சோங்' என்றால் முனை, 'ஆரு' என்றால் சவுக்கு மரம். சவுக்குத் தோப்பில் காற்று, நம் ஊர்க் கடற்கரை போலவே இரைந்தது. சூரியன் தீவுகளுக்குப் பின்னால் இறங்கும்போதுதான் வாய் திறந்தார்: "என்னங்க, வண்டி வந்தா ஒதுங்கி நில்லுன்னு கேங்மேனுக்கெல்லாம் முப்பத்தெட்டு வருஷம் சொன்னீங்க. நீங்க ஒதுங்கக் கத்துக்கலையே."

நான் பதில் சொல்லவில்லை. ஆழம் பார்க்காமல் துறைமுகம் குறித்தவர்களைப் பார்த்து முதல் நாள் சிரித்தவன் நான்தான். அறுபது வயதுக்கு மேல் பயணம் போகிறவர் முதலில் இறக்கி வைக்க வேண்டிய சுமை, பழைய தைரியம்.

சில நடைமுறைக் குறிப்புகள்

1. இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2023 டிசம்பர் முதல் தரப்பட்டு, 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வருகை அட்டையை இணையத்தில் முன்னதாகப் பூர்த்தி செய்ய வேண்டும்.

2. சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானத்தில் போனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

3. சைவர்கள் 'சாயுர் மானிஸ்' கேளுங்கள். அது நம் தவசிக் கீரைதான். 'தன்பா ஊடாங், தன்பா ஈக்கான்' என்று சொன்னால் இறால், மீன் வேண்டாம் என்று பொருள். சொல்லாவிட்டால் கருவாட்டு இறாலை அரைத்துச் சேர்த்துவிடுவார்கள்.

4. நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்செருகியில் மூன்று பட்டைக் கால் இருக்கும். அதற்கேற்ற இணைப்பான் எடுத்துப் போங்கள்.

5. தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேளுங்கள். மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். இதை மட்டும் கட்டளையாகவே சொல்கிறேன்.

நோட்டில் எழுதிய 22 இடங்களில் பாதிக்கு மேல் பார்க்காமலே வந்தோம். குறையில்லை. ரயில் கால அட்டவணையில்கூடத் தாமதத்துக்கென்று சில நிமிடங்கள் ஒதுக்கி வைப்பது வழக்கம். பயணத்திலும் அப்படியே ஒதுக்குங்கள். மணிக்கூண்டின் அடியில் நின்ற நேரமும், பெடாகாஸில் கைகூப்பிய நேரமும் அந்த ஒதுக்கீட்டில்தான் எங்களுக்குக் கிடைத்தன.

போய்வரும் அன்பர்கள் தாங்கள் கண்டதையும் நம் இதழுக்கு எழுதுங்கள். பயணம் இனிதே அமைக.