பேனா நண்பருக்குக் கடிதம்: பிள்ளை எழுதட்டும், வீடு கேட்கட்டும்



முன்பெல்லாம் நம் லயங்களுக்கு வரும் கடிதம் நேரே வீட்டுக்கு வராது. முதலில் தோட்டத்து ஆபீசுக்கு வரும். தப்பால்காரர் பையில் கொண்டுவருவார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்துக் காம்பராவில் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். நாலு பேர் கூடியிருந்து கேட்பார்கள். கடிதம் தாமதமாகும், சில வேளை தொலைந்தும் போகும். அந்தக் குறையை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்கு யார் எழுதுகிறார் என்பது வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

2020 ஆம் ஆண்டில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் போனுக்கு வந்தது. சீட்டுக் காசிலும் கடனிலும் போன் வாங்கிக் கொடுத்தோம். பாடத்தோடு சேர்ந்து, முகம் தெரியாதவர்களின் கடிதமும் அதே போனில் வரத் தொடங்கியது.

பேனா நட்பு கெட்ட காரியமா? இல்லை. தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு எழுதினால் மொழி வளரும், உலகம் தெரியும், கூச்சம் போகும். உலகத் தபால் ஒன்றியம் 1971 இல் இருந்து 9 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குக் கடிதப் போட்டி நடத்தி வருகிறது. கடிதம் எழுதுவது அவ்வளவு பெறுமதியான பழக்கம். அதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

ஒரு டிவிஷனில் நடந்தது

ஊரும் பேரும் வேண்டாம். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கொழும்பில் கடை வேலை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். வெளிநாட்டில் இருக்கும் "அதே வயதுப் பிள்ளை" ஒன்று போனில் எழுதத் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் பூனைக்குட்டி, பாட்டு, பாடசாலை என்று பேச்சு. பிறகு, "யூனிபோர்ம் போட்டு ஒரு படம் அனுப்பு" என்று வந்தது. அடுத்து, "பின்னேரம் வீட்டில் யார் இருப்பாங்க?" என்று கேட்டது. கடைசியில், "இது நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள ரகசியம், அம்மாகிட்ட சொல்லாதே" என்று வந்தது.

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. போன் தலையணைக்கு அடியில் போனது. அம்மா கவனித்துவிட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அடிக்கவில்லை, போனைப் பிடுங்கவும் இல்லை. இரவு அடுப்படியில் பக்கத்தில் உட்காரவைத்து, "பாப்பா, அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்குன்னு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்மா" என்றார். பிள்ளை வாசித்தது. ரகசியம் என்ற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. அழுதுவிட்டது.

மறுநாள் இரண்டு பேரும் எங்களிடம் வந்தார்கள். நல்ல வேளை, படம் போகவில்லை. எழுதியது யார் என்று அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது.

இங்கே எங்கள் பிழையையும் சொல்லவேண்டும். அதற்கு முந்திய தாய்மார் கூட்டத்தில், "சந்தேகம் வந்தால் போனைப் பிடுங்கி வையுங்க" என்றுதான் நாங்கள் சொல்லியிருந்தோம். அந்தத் தாய் எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் பிள்ளை வாய் திறந்திருக்காது. அவரிடம் நாங்கள் படித்த பாடத்தைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறோம்.

1. நண்பரை எங்கே தேடுவது?

போனில் தானாக வந்து "பிரெண்ட் ஆகலாமா" என்று கேட்பவர் பேனா நண்பர் அல்ல. வகுப்பு ஆசிரியர் மூலம் இன்னொரு பாடசாலைப் பிள்ளையோடு எழுதுவதே நல்ல வழி. அந்தப் பக்கமும் ஒரு ஆசிரியர் இருப்பார். தபாலில் எழுதினால் பாடசாலை முகவரியைக் கொடுங்கள். போனில் என்றால் அம்மா அப்பாவின் போனில், பெரியவர்களுக்குத் தெரிந்த கணக்கில் இருந்து மட்டும் போகட்டும். பேஸ்புக் கணக்கு வைக்க 13 வயது ஆகவேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்காதீர்கள்.

படத்தையும் குரலையும் வைத்து ஆளை நம்பவேண்டாம். இன்று கம்ப்யூட்டரில் பொய்ப் படமும் பொய்க் குரலும் செய்ய முடியும்.

2. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

இந்த வரிகளைப் பாருங்கள்: "நாங்க மேல் டிவிஷன், நாலாம் லயம், கடைசிக் காம்பரா. அம்மா காலையில மலைக்குப் போயிருவாங்க. பின்னேரம் வரைக்கும் நானும் தம்பியும் தனியா இருப்போம்."

பிள்ளை கள்ளமில்லாமல் எழுதியதுதான். ஆனால் வீடு எது, எந்த நேரம் ஆள் இல்லை என்று வழி காட்டிவிட்டது.

இப்படி எழுதலாம்: "நான் இலங்கையின் மலைநாட்டில் இருக்கிறேன். எங்கள் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்த்துக் கிள்ளவேண்டும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். எங்கள் நாட்டில் உயரமான மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர்."

இதில் பிள்ளையின் பெருமை இருக்கிறது, விலாசம் இல்லை. முழுப் பெயர், தோட்டப் பெயர், போன் நம்பர், பாடசாலைக்குப் போகும் பாதை இவை வேண்டாம். படம் அனுப்புவதென்றால் பெரியவர் பார்த்த பிறகே அனுப்பவேண்டும். யூனிபோர்ம் பட்ஜ், தோட்டப் பெயர்ப்பலகை படத்தில் விழக்கூடாது.

3. வாசிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது?

சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வந்த கடிதத்தையும் போகும் கடிதத்தையும் கேளுங்கள். அம்மாவுக்கு முன்னால் வாசிக்க முடியாத கடிதம் அனுப்பவேண்டிய கடிதம் அல்ல. கேட்கும்போது பரிகாசம் வேண்டாம், குறுக்கே ஏசவும் வேண்டாம். இரவில் போன் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் இருக்கட்டும்.

ரகசியம் காக்கச் சொல்வது, தனியாகச் சந்திக்கக் கூப்பிடுவது, உடம்புப் படம் கேட்பது, பரிசு அல்லது பணம் தருவதாகச் சொல்வது, பயமுறுத்துவது ஆகிய ஐந்தில் ஒன்று வந்தாலும் பதில் எழுதுவதை நிறுத்துங்கள்.

4. பிரச்சினை வந்துவிட்டால்?

முதலில் பிள்ளையிடம், "உன் மேல குத்தம் இல்ல, சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1929 க்கு அழையுங்கள். அது 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். காசு இல்லை, இரவு பகல் எடுக்கலாம், தமிழில் பேசலாம். பொலிசுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள், நாங்களும் கூட வருவோம்.

வீட்டுப் பயிற்சி

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். முதல் கடிதம் ஊரில் இருக்கும் பாட்டிக்கோ சித்திக்கோ இருக்கலாம். எழுதி முடிந்ததும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசிக்கக் கேளுங்கள். அந்த டிவிஷன் பிள்ளை இப்போது ஆசிரியர் மூலம் இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைக்கு எழுதுகிறது. ஒவ்வொரு கடிதத்தையும் அம்மாதான் முதலில் கேட்கிறார்.