பாரின் வேகத்தில் தெரியும் களைப்பு

நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இளவட்டக்கல் தூக்குவார்கள். கல் தோளைத் தாண்டினால் வெற்றி, தாண்டாவிட்டால் இல்லை. ஜிம்மிலும் பலர் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள்: எத்தனை கிலோ, எத்தனை ரெப். தூத்துக்குடித் துறைமுகத்திலோ உப்பளத்திலோ பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு, மாலையில் பார்பெல் (பார்) தூக்க வருகிறவருக்கு இந்தக் கணக்குப் போதாது. முந்தாநாள் தூக்கிய அதே 50 கிலோவை இன்றும் தூக்கிவிடுவார். ஆனால் மெதுவாகத் தூக்குவார். களைப்பு எடையில் தெரியாது, நேரத்தில் தெரியும். அதை அளக்க ஒரு செல்போனும் டேப்பும் போதும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் தொடங்குங்கள். பார் நெஞ்சைத் தொடும்போது தரையிலிருந்து எவ்வளவு உயரம், கை முழுதாக நீண்டபின் எவ்வளவு உயரம் என்று நண்பரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பார் ஏறும் தூரம். 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, செல்போனை ஸ்டாண்டில் பொருத்தி, பாரின் முனை நன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில் வையுங்கள். கையில் பிடித்து எடுத்த வீடியோ உதவாது. நொடிக்கு 60 பிரேம் பதிவாகட்டும். 30 பிரேம் என்றால் ஒரு பிரேம் தவறினாலே கணக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பிசகும்.

நன்றாக வார்ம்-அப் செய்தபின் தூக்குங்கள். இறக்கும்போது நிதானம், ஏற்றும்போது ஒவ்வொரு ரெப்பிலும் முடிந்தவரை வேகம். இந்த ஒரு நிபந்தனையை விட்டுவிட்டால் மற்ற எல்லா அளவும் வீண். வேண்டுமென்றே மெதுவாகத் தூக்கியதா, களைத்துப்போய் மெதுவானதா என்று வீடியோவுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்கட்டும்.

இப்போது வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, பார் நெஞ்சைவிட்டுக் கிளம்பியதிலிருந்து மேலே நிற்கும்வரை எண்ணுங்கள். 36 பிரேம் வந்தால் 0.6 நொடி. எடையை 9.8 ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தால் பெருக்கி, நேரத்தால் வகுத்தால் சராசரித் திறன் கிடைக்கும்: 50 × 9.8 × 0.4 ÷ 0.6, ஏறக்குறைய 327 வாட். ஸ்குவாட்டில் உங்கள் உடம்பும் சேர்ந்து எழுவதால் வாட் கணக்கு சிக்கலாகும். அங்கே பிரேம் எண்ணிக்கையை மட்டும் குறித்தால் போதும்.

ஒரே செட்டுக்குள் ஏறும் களைப்பை அறிய வாட்டே தேவையில்லை. முதல் ரெப் 36 பிரேம் எடுத்து, பிறகு ஒரு ரெப் 45 எடுத்தால் வேகம் 20 சதவீதம் குறைந்துவிட்டது. 60 பிரேம் ஆனால் 40 சதவீதம். ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் ஸ்குவாட் செய்த இரண்டு குழுக்களில் ஒன்று 20 சதவீத வேக இழப்பில் செட்டை நிறுத்தியது, மற்றது 40 வரை போனது. பலம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் கூடியது. நின்ற இடத்திலிருந்து மேலே குதிப்பதில் அதிகம் முன்னேறியது 20-இல் நிறுத்திய குழு. தசைப் பருமன் அதிகம் கூடியது 40 வரை போன குழுவுக்கு. மறுநாள் காலையில் லோடு ஏற்றப் போகிறவருக்கு என் பரிந்துரை 20தான். உடம்பை வைத்துப் பிழைக்கிறவர் ஜிம்மில் அதை உருக்கிவிடக் கூடாது.

செட்டுகளுக்கு நடுவே எப்போதும் ஒரே அளவு ஓய்வு எடுங்கள், மூன்று நிமிடம் என்றால் மூன்றே நிமிடம். இல்லாவிட்டால் இன்றைய எண்ணை நேற்றோடு ஒப்பிட முடியாது. அந்நாளைய மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் ஒரு படகுக்கு மூழ்க உதவும் கல் ஐந்து, குளியாட்கள் பத்துப் பேர் என்பது வழக்கமாக இருந்தது. ஐவர் கல்லோடு இறங்கும்போது மற்ற ஐவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஓய்வும் வேலைக்கணக்கில் சேர்ந்தே இருந்தது.

நாளுக்கு நாள் தங்கும் களைப்புக்கு, நன்றாகத் தூங்கி எழுந்த விடுமுறை நாட்களில் அதே 50 கிலோவில் முதல் ரெப்பை அளந்து, நோட்டில் உங்கள் அடிப்படை எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். அது 36 என்றால், வேலைநாள் மாலையில் 40-ஐத் தொடும்போது வேகம் பத்து சதவீதம் சரிந்திருக்கிறது. அன்று பிளேட்டைக் குறையுங்கள், செட்டையும் குறையுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அப்படியே வந்தால் ஒருநாள் ஜிம் வேண்டாம்.

கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உங்கள் உடல் எடையைப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதையும் அந்த நாளின் பிரேம் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் எந்த எண்ணையும் பார்க்காமல் பாரை வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.