குமிழைத் திருகினால் பாரம் தாங்காது

"ஷாக்கை 9-ல் வைத்துவிட்டேன் சார், இனி எவ்வளவு சாமான் ஏற்றினாலும் பின்பக்கம் தொங்காது." தார், ஜிம்னி மாதிரி ஆஃப்ரோடு வண்டிக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுதான். விற்பவர் சொல்கிறார், வாங்கியவர் அடுத்தவருக்கு ஓதுகிறார். யாரும் அளந்து பார்ப்பதில்லை.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் போடும் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை. ஷாக்கில் 1, 2 என்று எண்ணிட்ட குமிழைத் திருகினால் உள்ளே ஆயில் போகும் வழி இறுகுகிறது, அவ்வளவுதான். ஆயில் ஓடினால்தானே எதிர்ப்பு? நிற்கிற வண்டிக்குக் குமிழ் 1-ல் இருந்தாலும் 9-ல் இருந்தாலும் ஒன்றுதான். சந்தேகமிருந்தால் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள். குமிழைக் கடைசி வரை திருகிவிட்டு மறுபடி பிடியுங்கள். உயரம் கூடியிருக்காது.

கூடாததோடு நின்றால் பரவாயில்லை. சாமானை ஏற்றி, குமிழை இறுக்கி, அலையலையாக வரி விழுந்த மண் சாலையில் விரட்டுகிறார்கள். அமுங்கிய ஸ்பிரிங்கை இறுகிய ஷாக் விரிய விடுவதில்லை. அதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். பின்பக்கம் தொங்குகிறதா? கனமான ஸ்பிரிங் போடுங்கள், அல்லது காயிலுக்குள் காற்றுப் பை வையுங்கள். குமிழைத் தொடுவது அதற்குப் பிறகு. (ஷாக்கின் உடம்பில் மரை வளையம் இருந்தால் கதை வேறு. அதைத் திருகினால் வண்டி உயரும். ஆனால் அதுவும் ஸ்பிரிங்கை வலுவாக்காது.)

இன்னொரு நம்பிக்கை: வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் அடியில் எதுவும் தட்டாதாம். ஜிம்னியில் முன்னும் பின்னும், தாரில் பின்பக்கமும், டிஃபரன்ஷியல் ஆக்சிலோடு சேர்ந்தே கிடக்கிறது. கிட் உயர்த்துவது சேஸிஸை. டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தூக்கப் பெரிய டயர்தான் வழி. அதிலும் விட்டம் 2 அங்குலம் கூடினால் கிடைப்பது 1 அங்குலம்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ளவர்கள் எப்போதும் உச்ச உயரத்திலேயே ஓட்டுவதும் வீண். சக்கரம் இறங்க இடம் மிச்சமில்லாமல் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கும்.

இத்தனை செலவு செய்கிறவர்களிடம் டயர் காற்றளவுமானி கேட்டால் முழிக்கிறார்கள். மணலில் சிக்கும் பல வண்டிகளுக்குத் தேவை புது ஷாக் அல்ல. காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவதுதான். முதலில் ஒரு அளவுமானியும் சின்ன கம்ப்ரஸரும் வாங்குங்கள். தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மறக்காமல் நிரப்புங்கள்.