தாயைப் போலப் பிள்ளையா?
இலை நிறத்தின் பிறப்புரிமை பற்றிய ஒரு சிறு பாடம்

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம்மவர் வாயில் நாளும் பயிலும் பழமொழி. மருதமுனைத் தறியோசை கேட்டு வளர்ந்த இக்கரையோர மக்களுக்கு அதன் பிற்பகுதியை விளக்க வேண்டுவதில்லை. முற்பகுதி எவ்வளவு உண்மை என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இதற்குச் சான்றாக நாம் அழைப்பது மனிதரையன்று. வீட்டு முற்றத்திலும் கல்லூரி வளவிலும் நிற்கும் மரஞ்செடிகளின் இலைகளையே.

தமிழ் கற்பிக்கும் நமக்குப் பிறப்புரிமையியலில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் வினவலாம். காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் அறிவியல் பயின்று, பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். 1936ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த ஊருக்கு அயலில் வாழும் தமிழாசிரியர் அறிவியலை வேற்றுப் பொருளாகக் கருதுதல் தகாது. எனினும் இக்கட்டுரைக்கு உடனடிக் காரணம் நம் மாணவன் ஒருவனுடைய மனக்குறையேயாகும்.

அம்மாணவன் தன் அயலிலுள்ள முஸ்லிம் மூதாட்டியார் வீட்டு வாயிலில் செம்மையும் மஞ்சளும் விரவிய குரோட்டன் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு, அதன் விதைகளைக் கேட்டு வாங்கி விதைத்தான். முளைத்த கன்றுகளுள் ஒன்றேனும் தாயை ஒத்திருக்கவில்லை. சில வெறும் பச்சை. சில வேறு வடிவின. “விதையை மாற்றித் தந்துவிட்டார்” என்று அவன் நம்மிடம் முறையிட்டான். நல்லதோர் அயலவர்மேல் வீண் ஐயம் விழுவதைக் கண்டு, இதனைத் தெளிவாக்குதல் நம் கடன் எனக் கொண்டோம்.

முதற்கண் இலைக்கு நிறந்தருவன எவை எனக் காண்போம். பச்சை நிறம் பச்சையத்தால் வருவது. இப்பச்சையம், கலங்களினுள்ளே மணிகள்போற் கிடக்கும் பச்சையவுருமணிகளில் உள்ளது. மஞ்சள் தரும் கரற்றினொயிட்டுகளும் அவற்றிலேயே உள்ளன. செம்மையும் ஊதாவும் தரும் அந்தோசயனின் கலச்சாற்றிற் கரைந்திருப்பது. 1986ஆம் ஆண்டு இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பெற்ற நாகமரத்தின் தளிரும், நம் வளவு மாமரத்தின் தளிரும் செந்நிறமாய்த் தோன்றிப் பின்னர்ப் பச்சையாதல் யாவரும் கண்டதே. அங்கே மாறுவது மரபன்று. ஒரே மரபு பருவத்துக்கேற்பத் தன் தொழிலை மாற்றுகின்றது. நாம் ஆராய்வதோ ஆயுள் முழுவதும் நிலைத்து நிற்கும் நிறவேறுபாட்டை. அந்நிறத்தின் ஏடு கலத்தினுள் எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அது பிள்ளைக்குச் செல்வதும் செல்லாமையும் அமையும். அவ்விடங்கள் மூன்று.

முதலாவது, கலத்தின் கரு. ‘ஜீன்’ எனப்படும் பரம்பரையலகுகள் இங்கே நிறமூர்த்தங்களில் அமைந்துள்ளன. தாய் ஒரு பாதியும் தந்தை ஒரு பாதியும் தருதலால் இவ்வகை நிறத்தில் இருவர்க்கும் பங்குண்டு. மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியில் ஆராய்ந்து 1866இல் வெளியிட்ட விதி இதுவே. இதற்கு நம் நாட்டுச் சான்று தென்னை. குட்டைத் தென்னையுள் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என வகைகள் உண்டு. காயின் நிறம் இலைக்காம்பிலும் தோன்றும். மஞ்சட் குட்டையின் ஆண்பூக்களை அகற்றி, நெட்டைத் தென்னையின் மகரந்தத்தைச் சேர்த்துக் கலப்பினக் கன்று பெறுவர். நாற்றுமேடையில் மஞ்சட் காம்போடு முளைப்பது தாய் தன் மகரந்தத்தாலேயே ஈன்றது, அது கழிக்கப்படும். பச்சையாகவோ கபிலமாகவோ முளைப்பதே கலப்பினம். தந்தையின் நிறம் தாயின் மஞ்சளை மறைத்துவிடுவதால் இது கூடுகின்றது. 1929இல் தொடங்கப்பெற்ற லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையம் ஆய்ந்துவரும் இத்துறையில், காய்ப்பதற்குப் பல ஆண்டு காத்திராது கன்றிலேயே மெய்யும் பொய்யும் அறிய இலைக்காம்பின் நிறம் உதவுகின்றது. கன்றுக்குப் பணங்கொடுக்கும் கமக்காரனுக்கு இது சிறிய உதவியன்று.

இரண்டாவது இடம் பச்சையவுருமணி. இது கருவுக்குப் புறத்தே குழியவுருவில் உள்ளது. தனக்கெனச் சில பரம்பரையலகுகளையும் உடையது. மாலையில் மலரும் அந்திமந்தாரையில் பச்சையும் வெண்மையும் கலந்த இலையுடைய வகையொன்று உண்டு. ஒரே செடியில் முழுப்பச்சைக் கொப்பு, முழுவெள்ளைக் கொப்பு, கலப்புக் கொப்பு ஆகிய மூன்றும் தோன்றும். மெண்டலின் விதியை 1900இல் மீளக் கண்டவருள் ஒருவரான கொறென்சு என்னும் செருமானிய அறிஞர், 1909இல் இதன் இயல்பை வெளியிட்டார். பச்சைக் கொப்பின் விதை பச்சைக் கன்றே தந்தது. வெள்ளைக் கொப்பின் விதை வெள்ளைக் கன்றே தந்தது. கலப்புக் கொப்பின் விதைகள் மூவகைக் கன்றுகளையும் தந்தன. மகரந்தம் எக்கொப்பிலிருந்து வந்தது என்பது பொருட்டாகவேயில்லை! மகரந்தம் தன் கருவைத் தருகின்றது. பச்சையவுருமணிகளைத் தருவது தாயின் சூலே என்பது இதன் காரணம். கலப்புக் கொப்பின் சூல்களுள் சில நல்ல மணிகளையும், சில பழுதுற்றவற்றையும், சில இரண்டையும் பெறுவதால் கன்றுகள் மூவகையாயின. இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாக எண்ணிவரும் வழக்கத்தை அன்பர்கள் அறிவர். தாய் எக்குடியோ பிள்ளையும் அக்குடியே. அந்திமந்தாரை இலையின் மரபும் அத்தகையதே. ஆயினும் எல்லாச் செடியிலும் இவ்வாறன்று. பெலர்கோனியம் என்னும் பூஞ்செடியில் தந்தையின் மணிகளும் பிள்ளையைச் சேர்வதுண்டு.

வெள்ளைக் கன்றின் கதி யாது? அதனிடம் பச்சையம் இல்லை. ஆதலின் உணவாக்க இயலாது. வித்தினுள் தாய் வைத்த உணவு தீரும்வரை நின்று மடியும். வெள்ளைக் கொப்போ அதே செடியின் பச்சைக் கொப்புகள் ஊட்டும் உணவால் உயிர்வாழ்கின்றது.

மூன்றாவது இடம் விந்தையானது. கோயிற்றூணில் சிங்கமும் யானையும் ஒருடலாய் நிற்கும் யாளியைப் போல, வேறுபட்ட மரபுடைய இரு கலக்கூட்டங்கள் அடுக்கடுக்காய் ஒரே செடியில் அமைந்திருப்பதுண்டு. மேலைநாட்டார் தம் புராண விலங்கொன்றின் பெயரால் இதனைக் கைமேரா என்பர். மஞ்சட் கரையிட்ட மருள் இதற்கு எளிய சான்று. அதன் இலைத்துண்டை நட்டால் கரையற்ற பச்சை மருளே முளைக்கும்; கிழங்கோடு பிரித்து நட்டாற்றான் கரை நிலைக்கும். இத்தகைய செடியின் விதை பெரும்பாலும் ஓரடுக்கிலிருந்தே பிறத்தலால் இரு நிறமும் ஒருங்கே செல்வதில்லை. சேலையின் கரைநூலை மட்டும் உருவி எடுத்து நெய்தால் கரையிட்ட சேலை வருமோ?

இனி, மாணவனின் குரோட்டனுக்கு வருவோம். மொலுக்காத் தீவுகள் முதலிய கிழக்குத் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவிய செடி அது. பல்லாண்டுக் கலப்பினால் அதன் பரம்பரையலகுகள் பலவிதமாய் விரவிக் கிடக்கின்றன. ஆதலின் விதைதோறும் புதியதொரு சேர்க்கை பிறக்கின்றது. தாயின் அழகை அவ்வாறே பெறவேண்டுமெனின் கொப்பை வெட்டி நடவேண்டும், அல்லது பதிவைக்க வேண்டும். அவ்வாறு பெறுவது பிள்ளையன்று. அதே தாயின் ஓர் உறுப்பே.

இவ்விழாவையொட்டிக் கல்லூரி வளவில் மரம் நட எண்ணும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். வெள்ளை விரவிய இறப்பர் ஆலையும் செவ்வரத்தையையும் நட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அவற்றில் முழுப்பச்சைக் கொப்பு தோன்றின் காலந்தாழ்த்தாது வெட்டிவிடுக. பச்சையம் மிகுந்த அக்கொப்பு விரைந்து வளர்ந்து, சில ஆண்டில் மரத்தையே தனதாக்கிக் கொள்ளும்.

நாம் கூறியவற்றைக் கேட்ட மாணவன் மறுநாள் அம்மூதாட்டியாரிடம் சென்று நடந்ததை உள்ளவாறே சொன்னானாம். அவர் சினங்கொள்ளவில்லை. “விதை கேட்டாய் மகன், விதை தந்தன். இந்த மரந்தான் வேணுமெண்டா கொப்புக் கேட்டிருக்கணும்” என்று சொல்லி, நல்ல கொப்பொன்றைத் தம் கையாலேயே வெட்டிக் கொடுத்தனர். கொறென்சு ஆராய்ந்து எழுதிய துறையில் அவர் கையால் நட்டே அறிவு பெற்றிருந்தார். அக்கொப்பு இன்று அம்மாணவன் வீட்டு வாயிலில் அதே செம்மையோடும் மஞ்சளோடும் தழைத்து நிற்கின்றது. தாயை ஒவ்வாது முளைத்த கன்றுகளையும் அவன் பிடுங்கி எறியவில்லை. அவற்றுள் ஒன்று, எவரும் எதிர்பாராத ஊதா நிறங்காட்டத் தொடங்கியுள்ளது.